பெட்டியில் 6 வாட், பிளக்கில் எவ்வளவு? கம்ப்யூட்டரின் மின்செலவை அளப்பது எப்படி?

பெங்களூருவில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரா நீங்கள்? கரண்ட் போனால் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கு உங்களுக்குப் பழகியிருக்கும். அதனால்தான், 24 மணி நேரமும் ஓடப்போகும் மினி பிசியைத் தேடும்போது 'வெறும் 6 வாட்' என்ற வரியைப் பார்த்ததும் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கொஞ்சம் பொறுங்கள். பெஸ்காம் பில்லில் ஏறப்போவது அந்த 6 வாட் இல்லை.

அப்போ அந்த 6 வாட் என்ன?

அதற்கு 'டிடிபி' என்று பெயர். சிப்பின் சூட்டைத் தணிக்கும் அமைப்பு எவ்வளவு வெப்பத்தைச் சமாளிக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. இன்டெல் என்100 சிப்புக்கு இது 6 வாட். ஆனால் வேலை அதிகமானால் சிப் சிறிது நேரம் இதைத் தாண்டியும் இழுக்கும். மினி பிசி தயாரிப்பவரே வரம்பை உயர்த்தியும் வைக்கலாம்.

சிப் மட்டும் குறைத்தால் போதுமா?

போதாது. 2008இல் நெட்புக்குகளில் வந்த இன்டெல் ஆட்டம் என்270 நல்ல உதாரணம். அந்த சிப்பின் டிடிபி 2.5 வாட்தான். கூடவே இருந்த இரண்டு துணை சிப்களுக்கு 6 வாட், 3.3 வாட். மொத்தம் 11.8 வாட்! 'குறைந்த மின்சாரம்' என்று பெயர் வாங்கிய சிப்பின் பங்கு கால்வாசிகூட இல்லை.

பெங்களூருவுக்கு இது பழைய பாடம். 2001இல் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கைக்கணினியை உருவாக்கினார்கள். கிராமத்து மக்களும் பயன்படுத்த வேண்டும், சின்ன பேட்டரிகளில் ஓட வேண்டும் என்பது திட்டம். சிப் எடுத்தது எவ்வளவு, திரை எடுத்தது எவ்வளவு என்று பேட்டரி பிரித்துப் பார்க்காது. உங்கள் யுபிஎஸ்ஸும் அப்படித்தான்.

சரி, எப்படி அளப்பது?

சுவர் சாக்கெட்டுக்கும் அடாப்டருக்கும் நடுவில் மாட்டும் பவர் மீட்டர் போதும். சும்மா இருக்கும்போது ஒரு அளவு, உங்கள் வழக்கமான வேலை ஓடும்போது ஒரு அளவு எடுங்கள். சாஃப்ட்வேர் காட்டும் வாட் பெரும்பாலும் சிப்புக்கு மட்டும்தான். அடாப்டரில் வீணாவது அதில் வராது. இரண்டு கம்ப்யூட்டர்களை ஒப்பிட்டால் ரேம், எஸ்எஸ்டி, இயங்குதளம் எல்லாம் முடிந்தவரை ஒன்றாக இருக்கட்டும்.

வாட் குறைந்தது எதுவோ அதுவே ஜெயிக்குமா?

அவசியமில்லை. ஒரு கற்பனைக் கணக்கு. இரண்டு கம்ப்யூட்டர்கள், ஒரே வேலை. சும்மா இருக்கும்போது இரண்டும் 3 வாட்.

'அ' 15 வாட் இழுத்து 10 நிமிடத்தில் முடிக்கிறது. மீதி 50 நிமிடம் சும்மா. ஒரு மணி நேரத்தில் 5 வாட்-மணி.

'ஆ' 8 வாட் மட்டுமே இழுக்கிறது, ஆனால் 30 நிமிடம் எடுக்கிறது. மீதி 30 நிமிடம் சும்மா. மொத்தம் 5.5 வாட்-மணி.

அதிகம் இழுத்த 'அ'தான் சிக்கனம். காரணம், அது சீக்கிரம் முடித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டது.

வாங்கும் முன் என்ன கேட்கணும்?

வீட்டு சர்வர் நாளின் பெரும்பகுதி சும்மாதான் இருக்கும். சும்மா இருக்கும்போதே 10 வாட் இழுத்தால் வருடத்துக்கு 87.6 யூனிட், 5 வாட் என்றால் அதில் பாதி. யுபிஎஸ் தாங்கும் நேரமும் அதற்கேற்ப மாறும். அதனால் டிடிபியை விடுங்கள். 'சும்மா இருக்கும்போது பிளக்கில் எத்தனை வாட்?' என்று கேளுங்கள். விற்பவருக்குத் தெரியாவிட்டால், வாங்கியவர்கள் மீட்டர் வைத்து அளந்து சொன்ன எண்ணைத் தேடிப் பாருங்கள்.