முப்பத்தாறு ரூபாய் டிவிடெண்டை விட்டால் பங்கே போகும்

போன வருடம் ஒரு வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார்கள். கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றின் பங்குச் சான்றிதழ்கள், பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அதற்கடியில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு. எல்லாம் வங்கியில் போடாமலே விட்ட டிவிடெண்ட் வாரண்டுகள். ஒன்று 36 ரூபாய், இன்னொன்று 48 ரூபாய். "இதுக்காக பேங்க் வரைக்கும் யாரு சார் போறது?" என்றார் அந்த அம்மா. சான்றிதழ்கள் அவர் பெயரில்தான் அச்சாகியிருக்கின்றன. ஆனால் பங்குகள் இப்போது அவர் பெயரில் இல்லை. மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விட்டன. சுருக்கமாக ஐ.இ.பி.எஃப். என்பார்கள்.

இதே மாதிரிக் கட்டை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் சின்னக் கம்பெனிப் பங்குகள்தான். பெரிய கம்பெனியின் டிவிடெண்ட் கணிசமாக வந்தால் பலர் விடுவதில்லை. சின்னக் கம்பெனி கொடுக்கும் தொகையைப் பார்த்து அலட்சியம் வந்துவிடுகிறது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 124ஆவது பிரிவு. டிவிடெண்ட் அறிவித்த 30 நாளுக்குள் பணம் உங்களுக்கு வர வேண்டும். நீங்கள் வாங்கிக்கொள்ளாத பணம் தனிக் கணக்கு ஒன்றில் ஏழு ஆண்டுகள் இருக்கும், பிறகு நிதியத்துக்குப் போகும். இதுவரை பலருக்குத் தெரியும். தெரியாதது அடுத்தது: தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காமல் விட்டால் பங்குகளையே நிதியத்துக்கு மாற்றிவிடுவார்கள். போனஸ் பங்கு வந்தாலும் அங்கேதான் சேரும். 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். நடுவில் ஒரே ஒரு முறை வாங்கியிருந்தாலும் அந்தக் கண்ணி அறுந்துவிடும், பங்கு தப்பிக்கும். 36 ரூபாய் வாரண்ட் உங்கள் பங்கைப் பிடித்துவைத்திருக்கும் கயிறு.

கம்பெனி மூன்று மாதம் முன்னதாகக் கடிதம் அனுப்ப வேண்டும், ஓர் ஆங்கில நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் அறிவிப்புப் போட வேண்டும். போடுகிறார்கள். பொடி எழுத்தில், யாரும் திரும்பிப் பார்க்காத பக்கத்தில். கடிதம் இருபது வருடம் முன்பு காலி செய்த வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்புகிறது. விதியைக் காப்பாற்றினால் போதும், ஆளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க மாட்டோம் என்கிற இந்த மனப்பான்மையை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

காகிதச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இப்போது இரட்டிப்பு. பான், தொலைபேசி எண், வங்கிக் கணக்கு, மாதிரிக் கையெழுத்து ஆகியவற்றைப் பதிவு செய்யாத ஃபோலியோக்களுக்கு, அதாவது பங்குதாரர் கணக்குகளுக்கு, 2024 ஏப்ரல் 1 முதல் டிவிடெண்ட் தர மாட்டார்கள். விவரம் சேர்ந்த பிறகுதான், அதுவும் வங்கிக் கணக்கில்தான் வரும். நீங்கள் சும்மா இருந்தாலே அது வாங்காத டிவிடெண்டாகக் கணக்கில் ஏறுகிறது, ஏழு ஆண்டுக் கணக்கு ஓடத் தொடங்குகிறது. ஆகவே பங்கு இன்னும் உங்கள் பெயரில் இருந்தால் இந்த வாரமே உட்காருங்கள்.

முதலில் கம்பெனியின் பங்குப் பதிவாளர் யார் என்று கண்டுபிடியுங்கள். சான்றிதழில் இருக்கும் பழைய முகவரியை நம்பாதீர்கள். சின்னக் கம்பெனிகள் பெயர் மாறும், இன்னொன்றோடு இணையும், பதிவாளரையும் மாற்றும். கடைசி ஆண்டறிக்கையின் முதல் சில பக்கங்களில் விவரம் இருக்கும். கேமியோ, கேஃபின், எம்.யு.எஃப்.ஜி. இன்டைம் போன்ற நிறுவனங்கள் செய்வது இந்தப் பதிவாளர் வேலையைத்தான். உங்கள் கம்பெனியின் பதிவாளருக்கு ஐ.எஸ்.ஆர்-1 படிவத்தில் பான், முகவரி, வங்கி விவரம் எழுதி, பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலையை இணைத்து அனுப்ப வேண்டும். நாமினிக்கு எஸ்.ஹெச்-13.

கையெழுத்து மாறியிருந்தால் ஐ.எஸ்.ஆர்-2. இதில் உங்கள் வங்கி மேலாளர் கையெழுத்திட்டு முத்திரை வைக்க வேண்டும். இங்கேதான் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். "இதெல்லாம் நாங்க செய்றதில்லை" என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பும் கிளைகள் ஏராளம். திரும்பி வராதீர்கள். அது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த படிவம், பதிவாளரின் தளத்திலிருந்து இறக்கி எடுத்தது என்று காட்டுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் பேனாவை எடுத்த மேலாளர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து நம் ஊர்ச் சிக்கல், இனிஷியல். சான்றிதழில் 'கே. சுப்பிரமணியம்', ஆதாரில் 'சுப்பிரமணியம் கந்தசாமி'. இப்படிச் சிறிய வேறுபாடு என்றால் பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் போன்ற கூடுதல் ஆவணம் ஒன்றில் நீங்களே கையெழுத்திட்டு இணைக்கலாம். விண்ணப்பம் திரும்பி வரும்வரை காத்திருக்காமல் முதலிலேயே இணைத்துவிடுங்கள். விவரம் பதிவானதும் பங்கை டிமேட்டுக்கு, அதாவது மின்னணு வடிவத்துக்கு, மாற்றுங்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை விற்றுப் பெயர் மாற்ற வழியில்லை.

பங்கு நிதியத்துக்கே போயிருந்தால் உங்கள் உரிமை போகவில்லை, திரும்பப் பெறலாம். அந்த அம்மா வீட்டில் செய்ததையே சொல்கிறேன். முதலில் உரிமை உறுதிக் கடிதம் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினோம். அது கையில் வராமல், பங்கைத் திரும்பக் கேட்கும் ஐ.இ.பி.எஃப்-5 படிவத்தைத் தொடாதீர்கள். படிவத்தைக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பான், ஆதார், உங்கள் பெயரில் டிமேட் கணக்கு ஆகியவை வேண்டும். அனுப்பியதும் ஒரு பதிவு எண் வரும். படிவத்தின் அச்சுப் பிரதி, ஒப்புகைச் சீட்டு, ஈட்டுறுதிப் பத்திரம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிச் சாட்சிகள் கையெழுத்திட்ட முன்ரசீது, அசல் சான்றிதழ், உரிமை உறுதிக் கடிதம், ரத்து செய்த காசோலை, டிமேட் கணக்கின் விவரப் பட்டியல் இத்தனையையும் ஒரே உறையில் போட்டு, கம்பெனியின் நோடல் அதிகாரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். டெல்லியில் உள்ள நிதிய ஆணையத்துக்கு அல்ல. டெல்லிக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நோடல் அதிகாரி பெயர் கம்பெனியின் தளத்தில் இருக்கும். அசலை அனுப்பும் முன் எல்லாவற்றையும் பிரதி எடுத்து வையுங்கள்.

கம்பெனி 30 நாளுக்குள் சரிபார்ப்பு அறிக்கை அனுப்ப வேண்டும். அது குறையில்லாமல் போய்ச் சேர்ந்தபின் நிதிய ஆணையம் 60 நாளில் முடிவெடுக்க வேண்டும். நடப்பில் ஒரு எழுத்துப் பிழைக்குக்கூடத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டில் ஒரே கோரிக்கைதான் போடலாம். அதனால் அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்பாதீர்கள்.

பங்குதாரர் இறந்திருந்தால் முதலில் வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலை. படிவம் ஐ.எஸ்.ஆர்-5. நாமினி இல்லாவிட்டால் உடனே கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. காகிதப் பங்கின் மதிப்பு ஒரு கம்பெனியில் 5 லட்சம் ரூபாய் வரை என்றால், இ-சேவை மையம் வழியாகத் தாசில்தாரிடம் வாங்கும் வாரிசுச் சான்றிதழோடு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதமும் ஈட்டுறுதிப் பத்திரமும் கொடுத்தால் ஏற்க இடமுண்டு.

இதற்கிடையே போன் வரும். "உங்க அப்பா பேர்ல ஷேர் இருக்கு, நாங்க எடுத்துத் தர்றோம், மூணுல ஒரு பங்கு எங்களுக்கு." அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? டிவிடெண்ட் வாங்காதவர்களின் பெயர்ப் பட்டியலைக் கம்பெனியே தன் தளத்தில் வெளியிட வேண்டும் என்பது சட்டம். அதைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். அதே பட்டியலை நீங்களும் பார்க்கலாம், காசில்லாமல். அசல் சான்றிதழையோ கையெழுத்திட்ட வெற்றுத்தாளையோ ஓ.டி.பி.யையோ கொடுக்காதீர்கள். மறுபடியும் சொல்கிறேன், கொடுக்காதீர்கள்.

பைபேக்கிலும் இதே அலட்சியம். கம்பெனி தன் பங்கைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தால், பதிவு நாளன்று உங்கள் பங்கின் மதிப்பு 2 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீங்கள் சிறு பங்குதாரர். சிறு பங்குதாரர்களுக்கென்று குறைந்தது 15 சதவீதம் ஒதுக்கியாக வேண்டும். ஆனால் பங்கைத் திருப்பிக் கொடுக்கும் டெண்டர் திறந்திருப்பது ஐந்து வேலை நாள்தான். மின்னஞ்சல் பதிவில் இல்லாதவர் ஆறாம் நாள்தான் கேள்விப்படுகிறார். நிதியத்துக்குப் போன பங்கை டெண்டரில் கொடுக்கவே முடியாது. அறிவிப்பைப் பார்த்து விலை ஏறும்போது ஓடிப்போய் வாங்காதீர்கள், கொடுப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மீந்த பங்கை வாங்க ஆளில்லாமல் விலை இறங்குவது சின்னக் கம்பெனியில் சகஜம். வரி விதி 2024 அக்டோபரில் அடியோடு மாறியது. ஆகவே பணம் வரும் ஆண்டின் விதியை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

பதிவாளரோ கம்பெனியோ பதில் தராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடுங்கள். 21 நாளுக்குள் பதில் வர வேண்டும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் போட வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். அறிவித்த டிவிடெண்டைத் தக்க காரணமின்றி 30 நாளுக்குள் கொடுக்காத கம்பெனி 18 சதவீத வட்டி தர வேண்டும். புகாரில் கம்பெனிகள் சட்டத்தின் 127ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள்.

அந்த அம்மாவின் கட்டுக்கு வருகிறேன். அடியில் இருந்த பழைய வாரண்டுகளின் பணம் பங்குகளோடு நிதியத்துக்குப் போய்விட்டது. மேலே இருந்த ஆறுக்கு இன்னும் தனித்தனியாக ஏழு ஆண்டு முடியவில்லை, அந்தப் பணம் கம்பெனியிடமே இருக்கிறது. அதற்கு ஐ.இ.பி.எஃப்-5 தேவையில்லை, ஐ.எஸ்.ஆர்-1 போதும். உரிமை உறுதிக் கடிதம் கேட்டு எழுதிய அன்றே அதையும் சேர்த்துத் தபாலில் போட்டோம்.