வெள்ளிச் சிமிழ் காக்காத உயிர்கள்

பழம்பொருள் சேகரிப்போர் விரும்பி வாங்குபவற்றுள் ஒன்று, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளித் தீக்குச்சிச் சிமிழ். கீல் வைத்த மூடி, கடிகாரச் சங்கிலியில் கோக்க ஒரு வளையம், குச்சியை உரச அடிப்பக்கத்தில் வரிகள் ஆகியவை அதன் அமைப்பு. ரோமானியரின் அடுப்புத் தேவதையின் பெயரால் 'வெஸ்டா' சிமிழ் எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இவை பெருமளவில் உருவாயின. அந்நகரின் தர முத்திரையான நங்கூரத்தை இன்றும் அவற்றில் காணலாம்.

இச்சிமிழ் வெறும் ஆடம்பரமன்று. 1827-இல் ஜான் வாக்கர் உரசு தீக்குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1830-களில் அதில் வெண் பாஸ்பரஸ் சேர்ந்தது. எங்கு உரசினாலும் பற்றும் அக்குச்சி, சட்டைப்பையிலேயே தீப்பிடிக்கக்கூடும். எனவே, வசதி படைத்தோர் உலோகச் சிமிழை நாடினர்.

குச்சியைச் செய்தவர்களுக்கோ அத்தகைய காப்பு இல்லை. வெண் பாஸ்பரஸின் ஆவி அவர்களின் தாடை எலும்பை அரித்தது. 1888-இல் லண்டன் தீப்பெட்டி ஆலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தனர். இத்தனைக்கும், சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசும் பாதுகாப்பான முறையை சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் 1844-லேயே கண்டறிந்திருந்தார். வெண் பாஸ்பரஸைத் தடைசெய்யும் பெர்ன் உடன்படிக்கை 1906-இல்தான் ஏற்பட்டது. இந்தியாவில் 1913-இல் சட்டம் வந்தது. தொழிலாளியின் உடல்நலக் கேடு பொருளின் விலையில் சேராதவரை, மலிவான நஞ்சே சந்தையில் நீடிக்கும் என்பதற்கு இந்த இடைவெளியே சான்று.

பெட்டியே உரசுபரப்பாக மாறியதும் வெள்ளிச் சிமிழின் தேவை குறைந்தது. அந்த எளிய பெட்டியே தமிழகத்தின் வறண்ட நிலத்துக்கு வாழ்வளித்தது. 1922-இல் கல்கத்தா சென்று தொழில் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் அதற்கு வித்திட்டனர். குழந்தைத் தொழிலாளர் என்னும் களங்கமும் நெடுங்காலம் அத்தொழிலைத் தொடர்ந்தது.

2007-இல் ஒரு ரூபாயான தீப்பெட்டியின் விலை, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாயானது. மலிவு லைட்டர்களின் போட்டியைத் தடுக்க, இருபது ரூபாய்க்கும் குறைந்த விலையுள்ளவற்றின் இறக்குமதியை மத்திய அரசு 2023-இல் தடைசெய்தது. தொழிலைக் காக்கும் இந்நடவடிக்கை வரவேற்கத்தக்கது. அதே அக்கறை, உராய்வில் பற்றும் மருந்தோடு நாள்தோறும் உழைக்கும் பெண்களின் கூலிக்கும் பாதுகாப்புக்கும் கிடைக்க வேண்டும். அதற்காகப் பெட்டிக்குச் சில காசுகள் கூடினால், அதை ஏற்பது நம் கடமை.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), வெள்ளகோவில்)