கோர்ட் மேலேயே கேஸ் போட முடியுமா? நீதிபதி வேலைக்காகப் போராடிய மாற்றுத்திறனாளிகள்

வேலையில் பாகுபாடு காட்டினால் கோர்ட்டுக்குப் போகலாம். அந்த வேலையே கோர்ட்டில்தான் என்றால் எங்கே போவது?

என்ன பிரச்சினை?

திருவொற்றியூர் முன்சீப் கோர்ட் மாதிரியான இடங்களுக்கு வரும் சிவில் நீதிபதிகளை டிஎன்பிஎஸ்சி தேர்வு நடத்தி எடுக்கிறார்கள். 2014 தேர்வில், மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டுக்கு ஒரு நிபந்தனை இருந்தது: பார்வை அல்லது செவித்திறன் குறைபாடு 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். உயர் நீதிமன்றத்தைக் கலந்து அரசு வகுத்த நிபந்தனை அது.

70 சதவீதப் பார்வைக் குறைபாடு உள்ள வி.சுரேந்திர மோகன் வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தோல்வி. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலும் தோல்வி. பார்க்க, கேட்க, பேச ஓரளவுக்காவது திறன் இல்லாமல் நீதிபதி வேலை செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இத்தனைக்கும் 2009-லேயே தமிழ்நாட்டில் பார்வையற்ற ஒருவர் நீதிபதி ஆகிவிட்டார். தென்னாப்பிரிக்க அரசியல் சாசன நீதிமன்றத்தில் பார்வையற்ற ஸாக் யாகூப் 1998 முதல் 2013 வரை நீதிபதியாக இருந்தார்.

யார் மேல் கேஸ்?

தீர்ப்புச் சொன்னதற்காக நீதிபதி மேல் நஷ்டஈடு வழக்குப் போட முடியாது. 1985-ம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் ஆள் எடுப்பது நிர்வாக வேலை. அதில் பாகுபாடு இருந்தால் உயர் நீதிமன்ற நிர்வாகத்தையே எதிர்த்து ரிட் மனு போடலாம்.

எப்போது மாறியது?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, தேவையான வசதியைச் செய்து தர மறுப்பதே பாகுபாடுதான். 2019 தீர்ப்பு இதைக் கணக்கில் எடுக்கவில்லை. அதனால் அது இனி முன்னுதாரணம் ஆகாது என்று 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அடுத்தது மத்தியப் பிரதேசம். பார்வையற்றோர் நீதிபதி தேர்வுக்கே வர முடியாது என்றது அங்கிருந்த விதி. ஒரு தாய் எழுதிய கடிதத்தை உச்ச நீதிமன்றம் வழக்காக எடுத்துக்கொண்டது. 2025 மார்ச் 3 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு அந்த விதியை ரத்து செய்தது. குறைபாட்டை மட்டும் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி கட்-ஆஃப் வேண்டும் என்றும் சொன்னது.

நீங்கள் கவனிக்க வேண்டியது

ராயபுரத்திலோ எண்ணூரிலோ உட்கார்ந்து இந்தத் தேர்வுக்குப் படிக்கிறீர்களா? அறிவிப்பு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: சதவீத உச்சவரம்பு இருக்கிறதா, தனி கட்-ஆஃப் உண்டா, சொல்வதை எழுத ஆள் தருகிறார்களா. இடித்தால், தேர்வு முடியும்வரை காத்திருக்காமல் உடனே எழுத்து மூலம் கேளுங்கள். 2014-ல் இல்லாத தீர்ப்புகள் இன்று உங்கள் கையில் இருக்கின்றன.