உறுமிக்குத் தனி வழி விடுங்கள்

தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் உறுமி மேளம் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் இன்று கணினியில் இசையமைக்கிறார்கள். மகிழ்ச்சி! ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்த உறுமல்தான் அதன் உயிர். எல்லாத் தாளத்தையும் ஒரே தடத்தில் கொட்டி எதிரொலி சேர்த்தால் அது கரைந்துபோகும்.

1980இல் வந்த ரோலண்ட் டி.ஆர்.-808 தாளப்பெட்டியிலேயே ஒலிகளுக்குத் தனித்தனி வெளிவழிகள் இருந்தன. எஃப்.எல். ஸ்டூடியோவிலும் அப்படியே செய்யலாம். ஒவ்வொரு தாள ஒலிக்கும் மிக்சரில் தனித் தட எண் கொடுங்கள். கைதட்டலுக்கு எதிரொலி சேருங்கள். உறுமியைத் தெளிவாக விடுங்கள். ஒரே மைக்கில் பதிந்ததைப் பிறகு பிரிப்பது கடினம். ஆகவே, பதியும்போதே கருவிக்கொரு மைக் வையுங்கள். நம் தோட்டத்து ஒலி பிழைக்கும்.