மணி அடித்தால் மருந்து

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. குழந்தைக்குத் திடீரென்று காய்ச்சல். ஜெர்மனியில் குடியேறிய ஒருவர் பாராசிட்டமால் வாங்க எங்கே ஓடுவார், சொல்லுங்கள் பார்ப்போம்?

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காது. காய்ச்சல் மாத்திரைகூட அங்கே 'அப்போதேகே' எனப்படும் மருந்துக் கடையில்தான். வாசலில் சிவப்பு நிற 'ஏ' எழுத்து அதன் அடையாளம். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

ஆனாலும் பதற வேண்டாம்! சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஒரு கடை முறைவைத்து விழித்திருக்கும். அது எது என்று மூடிய கடையின் வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அங்கே போய் மணியை அடித்தால் போதும். பெரும்பாலும் கதவிலுள்ள சின்ன ஜன்னல் திறக்கும். மருந்தாளுநர் அதன் வழியே மருந்தை நீட்டுவார்.

அகால வேளையில் எழுப்பியதற்கு, மருந்து விலையோடு கூடுதலாக 2.50 யூரோ வாங்கிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.