நான்கு பேர் கணக்கு
நெருப்பருகே – 7

சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்குள் போனால் அறைகளின் வெளிச்சுவரைப் பாருங்கள். அறை எண், உள்ளே நடக்கும் வேலை, எத்தனை கிலோ வெடிமருந்து வைத்திருக்கலாம், எத்தனை ஆட்கள் இருக்கலாம் என்று பெயின்டில் எழுதியிருக்கும். மருந்து கையாளும் அறைகளில் ஆட்கள் கணக்கு பெரும்பாலும் 4.

வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வேறு ஏற்பாடுகள் உண்டு. தரையில் ரப்பர் விரிப்பு. பருத்தி உடை. நுழையும்போது உடம்பிலுள்ள மின்னூட்டம் இறங்குவதற்காக வாசலில் தொட்டுவிட்டுப் போக ஓர் உலோகத் தகடு. இத்தனைக்குப் பிறகும் வெடித்தால்? அந்தக் கேள்விக்குத்தான் இந்த 4. வெளிப்பக்கம் திறக்கும் கதவுகளும், அறைக்கும் அறைக்கும் நடுவே விட்ட இடைவெளியும் அதே கணக்கில் சேரும். என்றாவது ஒருநாள் இந்த அறை போகும் என்று ஒப்புக்கொண்டு, போனால் இதோடு போகட்டும் என்று கோடு கிழித்த விதி இது. ஈரமில்லாத கணக்கு என்று முதலில் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

தீபாவளி நெருங்க நெருங்க இந்தக் கணக்கு இளகும். கூலி, செய்து முடித்த உருப்படிக்கு என்பதால் அவசரம் கூடும். உரிமம் ஒருவரிடமும் வேலை பலரிடமும் இருப்பது இன்னொரு காரணம். டிஆர்ஓ (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று, கொடுக்கும் அலுவலகத்தின் பெயரால், ஆலையின் அளவைப் பொறுத்து உரிமம் மூன்று ரகம். எந்த ரகமானாலும் அது ஒருவர் பெயரில்தான். சில இடங்களில் உரிமக்காரர் அறைகளை உள்குத்தகைக்கு விட்டுவிடுகிறார். ஆளுக்கு நாலு அறை எடுத்தவர் தன் சரக்கைப் பார்ப்பார். மொத்த வளாகத்தில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று யார் பார்ப்பது? அறை கொள்ளாத, வானில் வெடிக்கும் பேன்சி ரக வேலை மரத்தடிக்கு வந்துவிடும். மருந்தின் கணக்கும் முக்கியம்: கலந்த மருந்தை அன்றே தீர்த்துவிட வேண்டும்; தீராதது ராத்தங்கினால், அலுமினியப் பவுடர் ஈரம் பட்டுச் சூடேறும்.

2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி. ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். விதிமீறலுக்காக அந்த ஆலையின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்ததாக அப்போதைய செய்திகள் சொல்லின. ஒரு வெடிப்போடு நிற்காமல் அடுத்தடுத்து வெடித்தது. இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே அல்ல. சத்தம் கேட்டு உதவிக்கும் வேடிக்கைக்குமாக ஓடி வந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள்.

பட்டாசு விபத்து நடந்த மறுநாள் பத்திரிகையில் 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு' என்று தவறாமல் ஒரு வரி வரும். நானும் எழுதியிருக்கிறேன். முதல் பொறி எப்படி வந்தது என்பதற்கு அது பதில். நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதைவிட அதிகம் பேர் எப்படி இறந்தார்கள் என்பதற்கு அல்ல.

போன ஆடியில் ஓர் ஆலைக்குப் போயிருந்தேன். மருந்தறைக்குள் செருப்புப் போடக் கூடாது, எல்லாரும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். சுவரில் 4. வாசலில் ஏழு ஜோடி செருப்பு. நான் எண்ணுவதைக் கூட வந்த போர்மேன் கவனித்துவிட்டார்.

"மூணு பேரு தண்ணி குடிக்க வந்தவுக, சார்."

தண்ணீர்க் குடம் கேட்டுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் இருந்தது.

(தொடரும்)