நாடுகள் 14, சபை ஒன்று

சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் சாலை, 70 கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலை ஏறுகிறது. மேலே போனதும் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேளூர் நாடு, தேவனூர் நாடு, பைல் நாடு. ஒன்றியத்தின் 14 ஊராட்சிகளும் இப்படி நாடுகள்தான். சமவெளியில் எல்லை வரைந்த அதிகாரிகள், இங்கே மலையாளிப் பழங்குடியினரின் நாட்டுப் பெயர்களிலேயே ஊராட்சிகளை அமைத்துவிட்டார்கள்.

பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. கி.மு. 508-507இல் கிளைஸ்தனீஸ் என்ற தலைவர் பழைய நான்கு குலப் பிரிவுகளை அரசியலிலிருந்து ஒதுக்கிவைத்துப் பத்துப் புதிய பிரிவுகளை உண்டாக்கினார். கடற்கரை, நகரம், உள்நாடு என மூன்று பகுதி மக்களும் ஒவ்வொரு பிரிவிலும் கலந்திருந்தார்கள். அடியில் இருந்தவை 139 ஊர்கள். ஒருவன் இன்ன குலத்தான் என்பதைவிட இன்ன ஊரான் என்பதே அவனுடைய குடியுரிமைக்கு அடையாளமாயிற்று. பெருங்குடும்பங்களின் பிடியைத் தளர்த்தும் வேலை இது. பிரிவுக்கு 50 பேர் வீதம் 500 பேர் கொண்ட ஆலோசனை மன்றம் சீட்டுக் குலுக்கலில் அமைந்தது. பதவி ஓராண்டு, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. சாக்ரடீஸும் அப்படி உட்கார்ந்தவர்தான். கி.மு. 406இல் கடற்படைத் தளபதிகளை ஒட்டுமொத்தமாக விசாரிக்கக் கூட்டம் கூச்சலிட்டபோது, சட்டம் அதற்கு இடம் தராது என்று மறுத்து நின்றார். ஏழு ஆண்டு கழித்து அதே ஊரின் நீதிமன்றம் அவருக்கு நஞ்சு கொடுத்தது.

கொல்லிமலையில் சீட்டுக்கு வேலை இருக்கவில்லை. நாட்டுக்குப் பட்டக்காரர், ஊருக்கு ஊர்க்கவுண்டர். பதவி தந்தைக்குப் பின் மகனுக்கு. நிலத் தகராறு, தாலி அறுத்துக்கொள்ளும் வழக்கு, கோயில் திருவிழாவுக்கான வரி எல்லாம் ஊர் கூடிப் பேசித் தீர்ந்தன. வாக்கெடுப்பு என்று ஒன்று இல்லை. எதிர்ப்பவன் இளகும்வரை பேச்சு நீளும். தோற்றவனும் மறுநாள் அதே ஊரில்தானே உழ வேண்டும்! இந்தப் பொறுமை எனக்குப் பிடிக்கும். ஆனால் அபராதத்துக்கு அடுத்த தண்டனை ஒதுக்கிவைப்பது. ஏதென்ஸில் 6,000 பேர் ஓட்டுச் சில்லில் எழுதிப் போட்டு ஒருவரை நாடு கடத்தினால், பத்தாண்டுகளில் அவர் திரும்பலாம், சொத்தும் அப்படியே இருக்கும். மலையில் ஒதுக்கப்பட்டவனுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பெண்கள் கூட்டத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லவில்லை; அதில் மட்டும் ஏதென்ஸும் கொல்லிமலையும் ஒன்று. ஏதென்ஸில் அடிமைகளுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் கூட இடமில்லை.

தமிழனுக்கு ஜனநாயகம் என்றால் உடனே உத்திரமேரூர்க் குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அருமையானவைதான். ஆனால் அது நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் பிராமண சபை. மலைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

மலையில் குலத்தின் கையிலிருந்து வாக்குக்கு அதிகாரம் மாறியது நம் காலத்தில். 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், 1996 தேர்தல், பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு. 2016இல் பெண்களின் பங்கு பாதியானது. சட்டமன்றத்துக்கும் இந்த மலை சேந்தமங்கலம் தொகுதியில்தான் வாக்களிக்கிறது. தமிழகத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதிகள் இதுவும் ஏற்காடும் மட்டுமே. 2011இல் இங்கு வென்ற சாந்தி ஒரு பெண். பட்டக்காரர் காலத்தில் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது. முடிவெடுக்கும் உரிமை வந்ததா? ஏதென்ஸ் மக்கள் பினிக்ஸ் குன்றில் ஆண்டுக்கு நாற்பது முறை கூடிப் போரையும் வரியையும் அவர்களே தீர்மானித்தார்கள். நம் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை. அங்கே போடும் தீர்மானம் ஒன்றிய அலுவலகம் போய், அங்கிருந்து மாவட்டம் போய், பதில் வந்தால் வந்தது. பழங்குடிப் பகுதிக் கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதியும் அறிவிக்கப்படவில்லை. மலை முழுக்கப் பழங்குடிகள்; சட்டத்தின் கண்ணில் அது பழங்குடிப் பகுதி அல்ல.

ஓரளவு அதிகாரம் கொடுத்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். யாருக்கு எந்த நிலத்தில் உரிமை என்ற விசாரணையைக் கிராம சபைதான் தொடங்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டக்காரரின் பழைய கூட்டத்தையும் பினிக்ஸ் குன்றையும் ஒரே அடியில் தாண்டும் விதி. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்துக்கு உயர் நீதிமன்றம் 2008இல் போட்ட கட்டு, உச்ச நீதிமன்றம் 2016இல் தளர்த்தும்வரை இறுகியே இருந்தது.

2016 முதல் 2019 டிசம்பர் வரை ஊராட்சித் தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர் நிர்வாகம். அந்த டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்தது. மீண்டும் தேர்தல் இல்லை, மீண்டும் தனி அலுவலர். வம்சம் போய் வாக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் பட்டக்காரர் செத்தால் மகன் வந்து உட்கார்ந்துவிடுவான். வாக்கில் வந்த தலைவருக்குக் காலம் முடிந்ததும் கையெழுத்து போட ஒன்றியத்திலிருந்து ஒருவர் வருகிறார். 14 நாடுகளில் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.